காய்ச்சலுக்குப் பாடசாலையை மருந்தாகக் கேட்ட வைத்தியர்

வைத்தியம் கற்றவர்களுக்கு றுடோல்ப் விர்கோ என்ற பெயர் புதியதன்று. கலம் ஒவ்வொன்றும் இன்னொரு கலத்திலிருந்தே தோன்றுகிறது, நோய் என்பது கலங்களில் ஏற்படும் மாற்றமே என்று 1858ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டு, நோயியலைப் புதிதாக அமைத்த ஜேர்மன் பேரறிஞர் அவர். திருச்சபை வரலாற்றைப் படித்தவர்களும் அவர் பெயரை அறிவர். ஆனால் அங்கே அது இனிய பெயரன்று. அதைப் பின்னர் சொல்வோம். முதலில் சொல்லவேண்டியது, இருபத்தாறு வயதில் அவர் மேற்கொண்ட பயணமொன்றைப் பற்றி.

விர்கோ 1821ஆம் ஆண்டு ஐப்பசி 13ஆந் திகதி, பிரஷ்ய இராச்சியத்தின் பொமறேனியா மாகாணத்தில் ஷீவெல்பைன் என்ற சிறு பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் கமஞ்செய்து வந்தவர். பட்டினத்தின் பொருளாளராகவும் இருந்தவர். பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை இலவசமாகப் படிப்பித்து இராணுவ வைத்தியர்களாக்கும் நிறுவனமொன்று பேர்லினில் இருந்தது. அதில் சேர்ந்து 1843இல் பட்டம் பெற்று, புகழ்பெற்ற ஷரிற்றே வைத்தியசாலையில் பிரேதபரிசோதனைப் பகுதியில் வேலை பார்த்தார்.

1847ஆம் ஆண்டின் இறுதியில், பிரஷ்யாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள மேல் சிலேசியாவில் தைபஸ் காய்ச்சல் பரவிற்று. நாம் நெருப்புக் காய்ச்சல் என்று சொல்வது இதுவன்று, அது தைபொயிட். தைபஸ் வேறு நோய். றிப்னிக், பிளெஸ் ஆகிய பகுதிகளில் மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர்; அநாதைப் பிள்ளைகள் தெருவில் நின்றனர். செய்தி பத்திரிகைகளில் வெளிவந்து அரசாங்கத்துக்குத் தலைகுனிவு ஏற்பட்ட பின்னரே பேர்லின் அசைந்தது. மூத்த வைத்தியர் பாறேஸ் அனுப்பப்பட்டார். உடன் சென்றவர் இளைஞர் விர்கோ. 1848ஆம் ஆண்டு மாசி 20ஆந் திகதி புறப்பட்டவர் அங்கே மூன்று வாரம் கூடத் தங்கவில்லை.

அரசாங்கம் எதிர்பார்த்தது காய்ச்சலைப் பற்றிய ஓர் அறிக்கையை. நோய்க்குறிகள், பிரேதபரிசோதனை முடிவுகள் எல்லாம் அதில் இருக்கத்தான் செய்தன. ஆனால் விர்கோ அதற்கு முன்னரே வேறு விஷயங்களை எழுதலானார். மக்கள் எத்தகைய வீடுகளில் குடியிருக்கிறார்கள்? மரக்குற்றிகளால் கட்டிய சிறு குடிசை. ஒரே அறையில் பெரிய குடும்பம். குளிருக்காக ஆடுமாடுகளும் பக்கத்திலே. என்ன சாப்பிடுகிறார்கள்? உருளைக்கிழங்கு, அதுவும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து விளையாமற் போனபோது புல்லும் இலைகளும். நிலம் யாருடையது? தூரத்தில் வாழும் பிரபுக்களுடையது. வரிச்சுமை யார் தலையில்? ஏழைகள் தலையில்.

இவற்றோடு மொழியும் சேர்ந்தது. அம்மக்கள் போலிஷ் மொழி பேசிய கத்தோலிக்கர். அரசாங்கமோ ஜேர்மன் மொழியில் நடந்தது. பாடசாலைக்கு ஜேர்மன் ஆசிரியர்களை அனுப்பி, பிள்ளைகள் தாமாக ஜேர்மன் கற்றுக்கொள்வர் என்று அரசு இருந்துவிட்டது. பிள்ளைகள் எதையும் கற்கவில்லை. நோயாளியின் வாய்ச்சொல் வைத்தியருக்கு விளங்கவில்லை. வைத்தியர் சொன்னது நோயாளிக்கு விளங்கவில்லை. விர்கோவுக்கும் போலிஷ் தெரியாது. ஆயினும் இந்த ஊமைத்தனம் நோயின் ஒரு காரணம் என்பதைக் கண்டுகொண்டார்.

ஆகவே அவர் எழுதிக்கொடுத்த பரிகாரத்தில் மருந்துப் புட்டிகளுக்குப் பெரிய இடமில்லை. மக்களுக்கு முழுமையான குடியாட்சி வேண்டும், போலிஷ் மொழி அலுவல் மொழியாக வேண்டும், பாடசாலைகள் வேண்டும், வரியைப் பணக்காரர் மீது மாற்றவேண்டும், தெருக்கள் போடப்பட்டு விவசாயம் திருந்த வேண்டும். பஞ்சம் வந்தபின் மாவு கொடுப்பது போதாது என்பது அவர் கருத்து. வைத்தியம் ஒரு சமூக விஞ்ஞானம் என்று அவர் வாழ்நாள் முழுதும் வாதாடியதன் தொடக்கம் இந்த அறிக்கையே.

அறிக்கையில் நம்மைச் சுடும் பகுதியும் உண்டு. குருமாரையும் அவர் குற்றஞ் சாட்டினார். 1844ஆம் ஆண்டில், பியெக்காறி என்ற ஊரின் பங்குக்குருவான பியெற்செக் அடிகளார் மதுவொழிப்பு இயக்கமொன்றைத் தொடங்க, குடியில் மூழ்கியிருந்த மேல் சிலேசிய மக்கள் திரள்திரளாக வந்து குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தனர். ஒரு சொல்லால் ஒரு நாட்டின் குடியை நிறுத்தும் செல்வாக்கு குருக்களுக்கு இருந்ததல்லவா, அந்தச் செல்வாக்கை மக்களின் கல்விக்காகவும் முன்னேற்றத்துக்காகவும் ஏன் பயன்படுத்தவில்லை, மக்களைப் பணிவிலேயே ஏன் வைத்திருந்தீர்கள் என்பது விர்கோவின் வழக்கு. மொழி தெரியாமல் மூன்று வாரம் சுற்றியவர் ஒரு மக்களின் பக்தியை அடிமைத்தனம் என்று எழுதியது மேலெழுந்தவாரியான தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம். ஆனால் கேள்வி அத்தோடு போய்விடவில்லை. குடியை நிறுத்த முடிந்த கைகளால் பாடசாலையும் கட்டியிருக்க முடியும்.

பேர்லினுக்குத் திரும்பிய சில நாட்களில், பங்குனி 18ஆந் திகதி, அங்கே புரட்சி வெடித்தது. விர்கோவும் தெருத்தடைகளில் நின்றார். வைத்தியச் சீர்திருத்தத்துக்கென ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். புரட்சி தோற்றது. 1849இல் அவருடைய பதவிக்கும் ஆபத்து வந்தது. அவரை ஏற்றுக்கொண்டது கத்தோலிக்க பவேரியாவின் வூர்ற்ஸ்பூர்க் பல்கலைக்கழகம் என்பது கவனிக்கத்தக்கது. கலக் கொள்கையை அவர் வகுத்தது அங்கேதான். 1852இல் பவேரிய அரசாங்கம் ஸ்பெஸார்ட் மலைப்பகுதியின் பஞ்சத்தை ஆராய அனுப்பியபோது, அங்கும் அவர் வீட்டையும் சோற்றையும் பற்றியே எழுதினார்.

1856இல் பேர்லினுக்கு மீண்ட பின், 1859 முதல் இறக்கும்வரை நகரசபை உறுப்பினராக இருந்தார். இன்றைய பேர்லினின் கழிவுநீர்க் குழாய்கள் பொறியியலாளர் ஹோப்றெக்ற்றின் திட்டம். அதை நகரசபையில் ஒப்புக்கொள்ளச் செய்தவர் விர்கோ. 1873இல் வேலை தொடங்கிற்று. இறைச்சிப் பரிசோதனை, நகரசபை வைத்தியசாலைகள் என்பனவும் அவர் முயற்சியால் வந்தவை. இதற்கிடையில் மனித இனங்களையும் ஆராய்ந்தார். நம் நாட்டு வேடர்களைப் பற்றி, இலங்கையைக் காணாமலே, 1881இல் ஒரு நூல் எழுதினார்.

கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற புதிய கொள்கையை ஏற்க அவர் நெடுங்காலம் தயங்கினார். தைபஸைப் பரப்புவது உடையில் வாழும் பேன் என்று 1909இல் சார்ள்ஸ் நிக்கோல் காட்டினார். அது விர்கோவின் அறிக்கையைப் பொய்யாக்கவில்லை. மாற்றுடை இல்லாமல், குளிரில் நெருங்கிப் படுக்கும் ஏழைகளிடந்தானே அந்தப் பேன் பெருகுகிறது!

இனி அந்த இனிமையற்ற கதை. பிரஷ்யப் பாராளுமன்றத்தில் விர்கோ பிஸ்மார்க்கை எதிர்த்தே வந்தவர்; 1865இல் பிஸ்மார்க் அவரை இருவர் சண்டைக்கு அழைக்குமளவுக்குப் பகை முற்றியது. விர்கோ மறுத்துவிட்டார். அப்படிப்பட்டவர், 1873இல் பிஸ்மார்க் அரசு திருச்சபையின் மேல் சட்டங்களை ஏவியபோது, அதனை ஆதரித்து அதற்குப் பெயரும் சூட்டினார்: ‘குல்ற்றூர்காம்ப்’, அதாவது பண்பாட்டுப் போர். குருமாணவர் கல்வி அரசின் கைக்குள் வந்தது. பேராயர் லெடொக்கோவ்ஸ்கி 1874இல் சிறை சென்றார். 1875இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டன. நோயாளிகளைப் பராமரித்த சபைகளை மட்டும் விட்டுவைத்தனர்.

அதே போரின் வேகத்தில், 1872இல், மேல் சிலேசியாவின் ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து போலிஷ் மொழி அகற்றப்பட்டது. 1848இல் எந்த மருந்தை அவர் எழுதிக்கொடுத்தாரோ, அந்த மருந்தை அவர் பெயர் சூட்டிய போரே பிள்ளைகளின் வாயிலிருந்து தட்டிவிட்டது.

1902ஆம் ஆண்டு தை மாதம், ஓடும் ட்ராம் வண்டியிலிருந்து இறங்குகையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. புரட்டாதி 5ஆந் திகதி, எண்பது வயதில், பேர்லினில் இறந்தார். அவர் பிறந்த ஷீவெல்பைனும், அவர் காய்ச்சலைக் கண்ட றிப்னிக்கும் பிளெஸும் இன்று போலந்து நாட்டில் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் போலிஷ் மொழியில் படிக்கிறார்கள்.