களைத்துப் போன கறுப்பு மண்

மண்ணுக்குக் களைப்பு வருமா?

வரும் என்று சொன்னார் ஒரு ருஷிய அறிஞர். அவர் பெயர் வசீலி டொக்குச்சாயேவ். மண் விஞ்ஞானத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவர் சொன்னது ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர நெடுங்காலம் ஆயிற்று. குறுக்கே நின்றது மொழி!

பாதிரியார் மகன்

டொக்குச்சாயேவ் 1846-ம் ஆண்டு ருஷியாவில், ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கிராமத்துப் பாதிரியார். மகனும் பாதிரியார் ஆவதற்கே படித்தார். ஆனால் மனம் அதில் நிலைக்கவில்லை. பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் படித்தார்.

அப்போது ருஷியாவின் தெற்கே மழை பொய்த்து, விளைச்சல் குறைந்து வந்தது. அங்குள்ள நிலமோ சாதாரண நிலம் அல்ல. கன்னங்கரிய மண். சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்கும் மேல் கறுப்பாகவே இருக்கும். ருஷியர்கள் அதைச் "செர்னோசெம்" என்பார்கள். கறுப்பு மண் என்று பொருள். நாட்டுக்கே சோறு போட்ட மண் அது. அது ஏன் ஏமாற்றுகிறது?

இதைக் கண்டுபிடிக்கும் வேலை 1877-ல் டொக்குச்சாயேவிடம் வந்தது. அவர் மேஜை முன் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. சுமார் 10 ஆயிரம் கிலோ மீட்டர் சுற்றினார். போகிற இடமெல்லாம் குழி வெட்டிப் பார்த்தார். 1883-ல் "ருஷிய செர்னோசெம்" என்ற பெரிய நூலை வெளியிட்டார். மண் என்பது வெறும் கல்லின் தூள் அல்ல. பாறை, மழை, வெயில், புல், பூச்சி, மேடு பள்ளம், காலம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய தனிப் பொருள் என்று நிலைநாட்டினார்.

பஞ்சம் வந்தது

1891-ல் கொடிய வறட்சி. பயிர் கருகியது. பஞ்சமும் நோயும் லட்சக்கணக்கான மக்களைக் கொண்டு போயின.

மறு ஆண்டே டொக்குச்சாயேவ் புல்வெளி நிலங்களின் அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வந்த பணம் பஞ்சத்தில் வாடியவர்களுக்குப் போயிற்று.

அவர் கண்ட உண்மை இதுதான். நல்ல செர்னோசெம் மண்ணைக் கையில் எடுத்தால் பயறு மணி போல உருண்டை உருண்டையாக இருக்கும். மணிகளின் இடுக்கில் தண்ணீர் இறங்கித் தங்கும். ஓயாமல் உழுததில் மணிகள் உடைந்து புழுதி ஆயின. பெய்த மழை உள்ளே இறங்காமல் ஓடியது. ஓடிய தண்ணீர் நிலத்தை அரித்துப் பள்ளம் ஆக்கியது. மழை குறைந்தது மட்டும் அல்ல, பெய்த மழையைப் பிடித்து வைக்க மண்ணுக்குச் சக்தி இல்லை!

இந்த மண்ணை அவர், ஓட்டி ஓட்டி நோகடித்த உயர்ந்த அரபுக் குதிரைக்கு ஒப்பிட்டார். குதிரை சாகவில்லை. ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும். வாரோனேஷ் பக்கம் மரவரிசைகள் வைத்து, குளம் வெட்டி, நிலத்தை மீட்டுக் காட்டவும் ஏற்பாடு செய்தார்.

சொல்லில் வந்த சங்கடம்

இத்தகைய நிலத்துக்கு ருஷிய மொழியில் ஒரு சொல் உண்டு. "உழுதே தீர்ந்து போனது" என்று அதற்குப் பொருள். அதை ஆங்கிலத்தில் "சத்துப் போன மண்" என்று எழுதிவிடலாம். அங்கேதான் ஆபத்து! சத்துப் போனது என்றால், உரம் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் அன்றைய ஆங்கில வாசகர் நினைப்பார். மணி உடைந்ததும் தண்ணீர் தங்காததும் அந்தச் சொல்லில் ஏறுவதில்லை. நோய் ஒன்று, மருந்து வேறு என்று ஆகிவிடும்.

"கறுப்பு மண்" என்று மொழிபெயர்த்தாலும் தொல்லைதான். நம் கோவில்பட்டிக் கரிசலும் கறுப்பு மண்தானே! ஆனால் செர்னோசெம்முக்குக் கறுப்பு வந்தது புல்வேர்கள் மக்கி மக்கி. கரிசலில் மக்கு குறைவு. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நிறம் ஒன்று, குணம் வேறு.

வடக்கே ஊசியிலைக் காடுகளில் "பொட்சால்" என்ற மண் உண்டு. "சாம்பலுக்கு அடியில்" என்பதிலிருந்து வந்த கிராமத்துச் சொல். மழைநீர் சத்தைக் கீழே இழுத்துக்கொண்டு போக, மேலே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு நிற்கும். இதை ஆங்கிலத்தில் சாம்பல் என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

இரண்டு மொழி தாண்டி

டொக்குச்சாயேவின் கடைசிக் காலம் துயரமானது. 1897-ல் மனைவி இறந்தார். நோயும் அவரை வாட்டியது. 1903-ல், 57-வது வயதில் காலமானார்.

அவருடைய மாணவர் கிளிங்கா, குருவின் கொள்கைகளை விளக்கி 1914-ல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அது அமெரிக்க மண் ஆராய்ச்சித் தலைவர் மார்பட்டின் கைக்குக் கிடைத்தது. அவர் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1927-ல் வெளியிட்டார். சொற்களோடு மல்லுக்கட்டாமல் செர்னோசெம், பொட்சால் என்று ருஷியப் பெயர்களையே வைத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான்! அதே ஆண்டு வாஷிங்டனில் நடந்த உலக மண் விஞ்ஞானிகள் மாநாட்டுக்குக் கிளிங்காவும் வந்திருந்தார்.

டொக்குச்சாயேவின் பெரிய நூல் முழுவதும் ஆங்கிலத்தில் அச்சாக 1967 ஆயிற்று. அதாவது 84 ஆண்டுகள்! அப்போதும் அட்டையில் செர்னோசெம் என்ற சொல் செர்னோசெம் என்றே நின்றது.