குமரப்பா எழுதிய கணக்கு

நம் வறுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எண்களைக் கொண்டு விடை தேடியவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸாகப் பிறந்தவர். லண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இந்திய வறுமைக்கு ஆங்கிலேயரின் வரிவிதிப்பும் அரசுச் செலவும் எவ்வாறு காரணமாயின என்று ஆராய்ந்தார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். அவ்வாய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வெளிவந்தது.

குற்றவாளியைச் சுட்டிக்காட்டியாயிற்று. படித்தவர்கள் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுவதே வழக்கம். ஏதேன் தோட்டத்தில் ஆதாம் ஏவாளையும், ஏவாள் பாம்பையும் கைகாட்டிய நாள்முதல் இது பழகிப்போன ஒன்று. குமரப்பா தொழிலையும் மேனாட்டு உடையையும் துறந்து, குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று உழவர்களின் வரவுசெலவைக் கணக்கெடுத்தார்.

1934-இல் பிகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியடிகளும் உடன் வந்தோரும் பாட்னா வந்தபோது, அவர்களது செலவை அந்நிதியில் எழுத மறுத்துவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றார். அளவுக்கு மீறிய கண்டிப்பு எனச் சிலருக்குத் தோன்றலாம். வீடிழந்தவனுக்காக வந்த பணத்தில் அவனுக்குப் போய்ச் சேராத ஒவ்வொரு காசுக்கும் தாமே பதில் சொல்ல வேண்டியவர் என்று அவர் கருதினார். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த வரி வசூலிப்பாளன் சகேயுவின் வேதாகமக் கதையை, ஒரு கணக்காளர் வேறெப்படிப் படித்திருக்க முடியும்?

அவரது சிந்தனையில் எனக்கு மிகக் கடினமாகப் படுவது வேறொன்று. பொருளை வாங்குபவன், அது உருவான முறைக்கும் பங்காளி என்றார் அவர். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பால் விளைந்த கோகோவை இங்கே கடையில் வாங்குகிறவனும் அவ்வன்முறையில் பங்கேற்கிறான். சந்தை, விலை, போட்டி என்று நாங்கள் வகுப்பில் கற்பித்த சொற்களெல்லாம் வாங்குபவனின் மனச்சாட்சிக்கு விடுப்பு அளித்துவிடுகின்றன, குமரப்பா அளிக்கவில்லை. புகையிலை போன்ற பணப்பயிர்கள் உணவு விளையும் நிலத்தைப் பறிப்பதையும் எதிர்த்தார். 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கும், நூற்பாலைகள் நிறைந்த எங்கள் வேடசந்தூருக்கு இவை இரண்டும் வெறும் தத்துவமல்ல.

தம் சமயத்தாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. சத்தியாக்கிரகிகள்மீது நடந்த தடியடியைக் கண்டும் வாய்திறவாத திருச்சபைத் தலைவர்களை வெளிப்படையாகவே கேள்வி கேட்டார். பின்னாளில் சிறையில் இருந்தபோது, இயேசுவின் வாழ்வையும் போதனையையும் குறித்து ஒரு நூல் எழுதினார். விடுதலைக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர்கள் அவருடைய நண்பர்களே. அவர்களுடைய தொழில் கொள்கையையும் அதே கடுமையோடு விமர்சித்தார். அதனால் தனிமைப்பட்டார்.

மணம் செய்துகொள்ளாத அவர், உடல் நலிவுற்ற நிலையில் மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வந்து தங்கினார். 1960 ஜனவரி 30, காந்தியடிகளின் நினைவு நாளன்று காலமானார்.