மதுரையில் சட்டையை விட்ட காந்தி, வாட்சை மட்டும் விடாதது ஏன்?

பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் வலைவீசித் தேடுவது, ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கிரோனோகிராஃப் ரகங்களைத்தான். அந்த வசதியே இல்லாத ஒரு வெள்ளி பாக்கெட் வாட்ச் அவர்களையே வாய்பிளக்க வைத்தது. வைத்திருந்தவர், மகாத்மா காந்தி.

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்து, தென்னாப்பிரிக்காவில் போராடி, 1915-ல் நாடு திரும்பினார். கோட், சூட் போச்சு. 1921-ல் நம்ம மதுரையில் சட்டையும் போச்சு. வாட்ச் மட்டும் போகல! பாக்கெட் ஏது? இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார். அவரிடம் இருந்த ஸ்விஸ் ஜெனித் வாட்சில் அலாரமும் உண்டு. பிரார்த்தனைக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் அவருக்குப் பிடிக்காது.

1948 ஜனவரி 30. படேலுடன் பேச்சு நீண்டதால் பிரார்த்தனைக்குத் தாமதம். வேகமாக நடந்து வந்தவரை கோட்சே சுட்டுக் கொன்றார்.

அப்போது அவருக்குத் தோள்கொடுத்து நடந்த உறவுக்காரப் பெண் ஆபாவுக்குத்தான் அந்த ஜெனித் வாட்சைக் கொடுத்திருந்தார். 2009 மார்ச்சில் அது நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. இந்திய அரசு எதிர்த்தும் ஏலம் நிற்கவில்லை. கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணத்தோடு சேர்த்து 18 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 9 கோடி ரூபாய்.

மதுவிலக்குக்காகப் போராடியவரின் வாட்சை வாங்கியது யார் தெரியுமா? மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா.