முண்டக்கயத்து மீனும் பிரான்சிசு டேயும்

ஏலப்பாறையிலிருந்து குட்டிக்கானம் வழியே மலையிறங்கும் பேருந்து முண்டக்கயத்தை நெருங்கும்போது தேயிலைக் காட்டுக் குளிர் போய் உடம்பு வியர்க்கத் தொடங்கும். நாம் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவோம். மீன் என்ன செய்யும்? நீரின் வெப்பமே அதன் உடல் வெப்பம். இவ்வுண்மையோடு மோதித் தோற்ற ஒருவரே முண்டக்கயத்து மீனொன்றை உலகறியச் செய்தவர்.

பிரான்சிசு டே 1829-இல் இங்கிலாந்தின் சசெக்சு மாவட்டத்தில் பிறந்தார். 1852-இல் சென்னைப் படையின் மருத்துவப் பணியில் சேர்ந்தார். கொச்சியில் மருத்துவராயிருந்தபோது, நோயாளிகள் போக எஞ்சிய நேரமெல்லாம் மீன்களுக்கே. 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி நூல் வெளியிட்டார். அதே ஆண்டு முண்டக்கயத்து ஓடைமீன் ஒன்றை விவரித்து, சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். (நம் ஓடை மீனுக்கு ஆளுநர் பெயரா என்று கேட்காதீர்கள், அக்கால வழக்கம் அது!) வெள்ளி உடல், கருங்கோடு, அதன்மேல் ஒரு செங்கோடு, நீரோட்டத்தை எதிர்த்து அம்புபோல் பாயும்.

அதே அறுபதுகளில் அவருக்கு இன்னோர் ஆசை பிறந்தது. இங்கிலாந்தின் டிரவுட் மீனை நீலகிரியில் குடியேற்ற முயன்றார். கைகூடவில்லை. டிரவுட் முட்டை சுமார் 13 பாகைக்கு மேல் பிழைப்பது அரிது. கப்பலோ, எவ்வழி வந்தாலும் வெப்பமண்டலக் கடலைக் கடந்தாக வேண்டும்.

மீன் வெப்பத்துக்குப் பழகாதா எனில், பழகும். ஆனால் நாட்கள் வேண்டும், எல்லையும் உண்டு. 1948-இல் டொரான்டோவில் பிரையும் ஆர்ட்டும் தங்கமீன்களை நீந்தவிட்டு இதை அளந்தனர். குளிர்நீரில் பழகிய மீன் குளிரில் விரைந்து நீந்தியது. வெந்நீரில் பழகியது வெப்பத்தில் விரைந்தது. குளிரில் வாழும்போது நீந்த உதவும் செந்தசை பெருகுவதும் பின்னர்த் தெரியவந்தது. டேயின் காலத்தில் இந்த அறிவு ஏது?

பின்னர் அவர் இந்திய மீன்துறைத் தலைவரானார். லண்டன் அருங்காட்சியகத்துக் குந்தருடன் தீராப் பகை. மீன் திரட்டில் பெரும்பகுதி சிட்னிக்குப் போயிற்று! 1889-இல் அவருடைய இரு தொகுதிகள் 1,418 வகை மீன்களுடன் வெளிவந்தன. அவ்வாண்டு சூலையில் மறைந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பார் நீலகிரியில் டிரவுட்டை வாழவைத்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. மூணாற்றிலும் அது குடியேறியது.

முண்டக்கயத்து மீனோ, வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்காகப் பிடிக்கப்பட்டு ஓடைகளில் அருகி, இன்று அழியும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.