செவியின் அருமை உணர்ந்த அறிஞர் பெல்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பதை நாம் அறிவோம். ஆயின், அவர் தம் வாழ்நாள் முழுவதும் செவிப்புலன் இழந்தோர்க்கும் தொண்டாற்றினார் என்பதைப் பலர் அறியார்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய அன்னையார் செவித்திறன் பெரிதும் குன்றியவர். சிறுவர் பெல், அன்னையின் நெற்றியருகே குனிந்து தாழ்ந்த குரலில் தெளிவாகப் பேசுவார். அன்னையாரும் அதனை உணர்ந்துகொள்வார். தந்தையார் பேச்சுக்கலையில் வல்லவர்.

உடன்பிறந்தார் இருவரும் காசநோயால் மறையவே, 1870இல் பெல்லின் குடும்பம் கனடாவில் குடியேறியது. மறு ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்பிக்கும் ஆசிரியரானார். ஆசிரியப் பணியோடு ஒலி ஆராய்ச்சியையும் இடைவிடாது செய்துவந்தார். 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், அவர் பேசிய சொற்களை மற்றோர் அறையிலிருந்த உதவியாளர் வாட்சன் கம்பி வழியாகத் தெளிவாகக் கேட்டார். மறு ஆண்டு பெல், தம் மாணவி மேபலை மணந்தார். மேபல் ஐந்து வயதில் நோயினால் செவிப்புலன் இழந்தவர். உலகோர் செவிகளுக்குக் குரலைக் கொண்டு சேர்த்த பெல்லின் குரலை, அவர்தம் மனைவியால் கேட்க இயலவில்லை!

புகழ் பெற்ற பின்னும் பெல் தம் தொண்டை மறக்கவில்லை. செவித்திறனை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். கண்ணும் செவியும் புலனிழந்த ஹெலன் கெல்லரின் பெற்றோர்க்குத் தக்க வழிகாட்டினார். 1922ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அவரை அடக்கம் செய்தபோது, வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன.

ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபெல் என்னும் சொல்லில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல். சிறுவர்கள் 75 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆதலால் 85 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 4 மணி நேரமே கேட்கலாம். உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் பேரொலியால் அழிந்துவிட்டால், மீண்டும் முளைப்பதில்லை.

மாணவ மணிகளே! இன்று கைத்தொலைபேசியிலிருந்து வரும் பாடலைச் செவிக்குள்ளேயே பொருத்திக் கேட்கிறோம். ஒலியைப் பாதியளவில் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் மிகுந்த இடத்தில் ஒலியைக் கூட்டாதீர்கள். இடையிடையே செவிக்கு ஓய்வு கொடுங்கள். காதில் இரைச்சல் தோன்றினால் உடனே பெற்றோரிடம் கூறுங்கள். பெல்லின் அன்னையாரும் மனைவியாரும் இழந்த செல்வம் நம்மிடம் உள்ளது. அதனை நாமே அழித்துக்கொள்ளலாமா? செவியைக் காப்போம், சீருடன் வாழ்வோம்!