'தாம்பரம் சானடோரியம்' பெயருக்குப் பின்னால் இருக்கும் டாக்டர்... யார் இந்த சௌரி முத்து?

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில்ல போறவங்க தினமும் கேட்கும் பெயர், தாம்பரம் சானடோரியம். இந்தப் பெயர் வரக் காரணம், டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை.

யார் இவர்?

இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜனுக்கும் அங்கே சிகிச்சை அளித்தார். 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றது.

அவரால் முடியாதது என்ன?

அன்று காசநோய்க் கிருமியைக் கொல்ல மருந்தே இல்லை. சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு... இதுதான் சிகிச்சை. நுரையீரல் நோயாளிகளில் சிலர் தேறினர். கிருமி மூளை உறைக்குப் போய்விட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம்.

ஏன்?

மூளையைச் சுற்றி மூன்று உறைகள். நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையே திரவம் ஓடுகிறது. மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கும் மூளைத்தண்டைச் சுற்றி இந்த இடைவெளி அகலமா இருக்கும். காசநோய்க் கசிவு பெரும்பாலும் அங்கேதான் பசை மாதிரி படியும். திரவம் போகும் வழி அடைபட்டு, தலைக்குள் அழுத்தம் ஏறும்.

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இன்று சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

நாள்கணக்கில் விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம், மனக்குழப்பம் இருந்தா தள்ளிப்போடாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனையில் இன்றும் காசநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. அவரிடம் இல்லாத மருந்து இப்போ நம்மகிட்ட இருக்கு.