போத்தனூரில் பிறந்த தாயின் மகன்

பாலக்காட்டில் ரெயில் ஏறி, வாளையாரைத் தாண்டினால் சிறிது நேரத்தில் போத்தனூர் வந்துவிடும். அந்த ஊரில் 1881-ம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் எதெல் சாரா ஸ்டோனி பிறந்தார். அவருடைய தந்தை, மெட்ராஸ் ரெயில்வேயில் தலைமை என்ஜினீயர் பதவி வரை உயர்ந்தவர்.

எதெல், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜூலியஸ் டூரிங்கை மணந்தார். மூத்த மகன் ஜான், குன்னூரில் பிறந்தார். இரண்டாவது மகன்தான், கம்ப்யூட்டர் துறையின் முன்னோடியான ஆலன் டூரிங்.

பிரிந்து வளர்ந்தார்

ஆலன் 23-6-1912 அன்று லண்டனில் பிறந்தார். தந்தைக்கோ இந்தியாவில் உத்தியோகம். ஆகவே பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் விட்டார்கள். பெற்றோர் கப்பலில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பிள்ளைகளைச் சொந்த ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு இந்தப் பிரிவின் வேதனை தெரியும்.

ஆலன் கணிதத்தில் சிறந்து விளங்கினார். படிப்படியாகச் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் செய்யும் எந்திரம் ஒன்றைக் கற்பனை செய்து, 1936-ல் கட்டுரை எழுதினார். இன்றைய கம்ப்யூட்டருக்கு அதுவே அடிப்படை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

எந்திரம் சிந்திக்குமா?

1950-ல் "மைண்ட்" என்ற இதழில் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஆனால் முதலில் சிந்தனை என்றால் என்ன? கூட்டல் எந்திரம் ஒரு குமாஸ்தாவைவிட வேகமாகக் கூட்டும். அதை யாரும் புத்திசாலி என்பதில்லை. எதிரில் இருப்பவரின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று நாம் பார்ப்பதும் இல்லை. பேச்சைக் கேட்டே அவர் சிந்திப்பவர் என்று கொள்கிறோம்.

எனவே டூரிங் ஒரு பரீட்சை வைத்தார். ஓர் அறையில் மனிதர், மற்றொன்றில் எந்திரம். வெளியே இருப்பவர் கேள்விகளை எழுத்தில் அனுப்புவார். பதில் டைப் அடித்து வரும். எது மனிதர், எது எந்திரம் என்று அவரால் பிரிக்க முடியாவிட்டால், எந்திரத்துக்குச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வது?

பதில் பொருத்தமாக இருந்தால் மட்டும் போதுமா, பொருள் புரிய வேண்டாமா என்று பலர் எதிர்த்தார்கள். 1997-ல் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவை கம்ப்யூட்டர் வென்றது. அது வெறும் கணக்கு, அறிவல்ல என்றார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு எந்திரங்கள் தமிழிலும் உரையாடுகின்றன. ஆனாலும் அறிவுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இலக்கணம் இன்னும் வகுக்கப்படவில்லை.

சோக முடிவு

ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாகக் கருதிய அக்காலச் சட்டப்படி, 1952-ல் டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை அளித்தார்கள். 7-6-1954 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41.

2009-ல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. 2013-ல் அரசியின் மன்னிப்பும் கிடைத்தது. 2021-ல் வெளியான 50 பவுண்டு நோட்டில் அவருடைய படம் இடம்பெற்றது.

இவற்றைக் காணத் தாய் எதெல் உயிரோடு இல்லை. மகனின் மரணம் தற்கொலை என்ற விசாரணை முடிவை அவர் ஏற்கவே இல்லை. அது விபத்து என்றே நம்பினார். மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதி, 1959-ல் வெளியிட்டார். 1976-ல் அவர் காலமானார்.